சைரன் டிரெய்லருக்குக் கேட்காது

"உயிர் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் கொக்கியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பதா?" தீயணைப்பு, மீட்பு, ஆம்புலன்ஸ் வண்டிகள் டிரெய்லர் இழுத்துச் செல்வதைப் பற்றி யார் பாதுகாப்புப் பேச்சை எடுத்தாலும் முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். கேட்பவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். நள்ளிரவில் அழைப்பு வந்தால் படுக்கையை உதறிவிட்டு ஓடுகிறவர்கள். அவர்கள்மேல் உள்ள மரியாதை குறையாமலே சொல்கிறேன்: அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் நம்பிக்கை தவறானது. அது அவர்களையும் கொல்லும், சாலையில் போகிறவர்களையும் கொல்லும், உதவிக்காகக் காத்திருப்பவரையும் கைவிட்டுவிடும்.

இந்த நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கும் இடம் அமெரிக்கா. அங்கே தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தன்னார்வலர்கள். ஒரு சிற்றூர் நிலையத்தால் ஒவ்வொரு வேலைக்கும் தனி மீட்பு ஊர்தி வாங்க முடியாது. அதனால் டிரெய்லர் வாங்குகிறார்கள். வெள்ள மீட்புப் படகு ஒன்றில், மண் சரிவில் முட்டுக் கொடுக்கும் மரங்கள் ஒன்றில், ரசாயனக் கசிவுக்கான உடைகளும் கூடாரமும் இன்னொன்றில், ஜெனரேட்டரும் விளக்குக் கம்பமும் வேறொன்றில். கையில் இருக்கிற பிக்கப் வண்டியையோ, தண்ணீர் லாரியையோ, சில இடங்களில் ஆம்புலன்ஸையோ முன்னால் பூட்டிக் கிளம்பிவிடலாம். சிக்கனமான ஏற்பாடு, புத்திசாலித்தனமான ஏற்பாடும்கூட. டிரெய்லரே கூடாது என்று நான் வாதாடவில்லை. அதை இழுக்கிறபோது மனதில் வைத்திருக்கிற எண்ணத்தைத்தான் மறுக்கிறேன்.

அந்த எண்ணத்துக்கு மூன்று கால்கள். சட்டம் நமக்கு விலக்குத் தந்திருக்கிறது, ஆகவே வேகமாகப் போகலாம் என்பது ஒன்று. நம் வண்டி பெரியது, டிரெய்லர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்பது இரண்டு. நம் ஓட்டுநர்கள் பயிற்சி பெற்றவர்கள், பார்த்துக்கொள்வார்கள் என்பது மூன்று. மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் சட்டம். அமெரிக்க மாநிலங்கள் அவசர ஊர்திகளுக்கு வேக வரம்பிலிருந்தும் சிவப்பு விளக்கிலிருந்தும் விலக்குத் தருகின்றன, உண்மை. ஆனால் அந்தச் சட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை கூடவே வருகிறது: பிறர் பாதுகாப்பில் உரிய கவனம் செலுத்தும் கடமையிலிருந்து ஓட்டுநருக்கு விடுதலை இல்லை. அதாவது சட்டம் அபராதத்தைத்தான் தள்ளுபடி செய்கிறது, ஆபத்தை அல்ல. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு மணிக்கு 55 மைல், கிட்டத்தட்ட 88 கிலோமீட்டர்தான் உச்ச வரம்பு. வெறும் வண்டிக்கும் டிரெய்லர் பூட்டிய வண்டிக்கும் ஒரே வரம்பு பொருந்தாது என்று சட்டம் எழுதியவர்களே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. அந்தக் காரணம் விளக்கைச் சுழலவிட்டதும் மறைந்துவிடுமா?

தீயணைப்புத் துறை தனக்குத்தானே எழுதிக்கொண்ட விதியையும் பாருங்கள். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 1901ஆம் எண் தரநிலை, 2009 பதிப்பிலிருந்து, 26,000 பவுண்டுக்கு (சுமார் 11,800 கிலோ) மேற்பட்ட மொத்த எடைக்கு வடிவமைத்த தீயணைப்பு ஊர்திகளின் உச்ச வேகத்தை மணிக்கு 68 மைலுக்குள் கட்டிப்போட்டது. பெரிய தண்ணீர் லாரிகளுக்கு 60 மைல். டயர் தாங்கும் வேகம் அதைவிடக் குறைவென்றால் அந்தக் குறைந்த வேகமே வரம்பு. தீ எவ்வளவு பெரிதாக எரிந்தாலும் டயரின் வரம்பே கடைசி வார்த்தை என்று அந்தத் துறையே எழுதி வைத்துவிட்டது. டிரெய்லர்களில் போடும் 'எஸ்டி' வகை டயர்கள் பெரும்பாலானவற்றுக்கு, வேறு குறிப்பு இல்லாவிட்டால், 65 மைல்தான் உச்சம் என்று காலங்காலமாக வரையறுத்திருக்கிறார்கள். முன்னால் போகும் பிக்கப் வண்டியின் டயர் 100 மைலைத் தாங்கலாம். பின்னால் வரும் டயருக்கு அது தெரியாது.

"நேரம்தானே உயிர்?" என்பார்கள். கணக்குப் போட்டே பார்க்கலாம். 20 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 80 கிலோமீட்டரில் கடக்க 15 நிமிடம். 100 கிலோமீட்டரில் கடக்க 12 நிமிடம். வழியில் ஒரு திருப்பமோ நெரிசலோ இல்லை என்று வைத்துக்கொண்டாலும் மிச்சம் 3 நிமிடம்தான். அதற்குக் கொடுக்கும் விலை? வேகம் கால் பங்கு கூடினால் இயக்க ஆற்றல் 56 விழுக்காடு கூடும். நிறுத்த வேண்டிய சக்தி அத்தனையும் பிரேக்கின் தலையிலும் டயரின் தலையிலும் விழுகிறது. அந்த 3 நிமிடத்தை நெடுஞ்சாலையில் தேடுவது வீண். நிலையத்தின் கொட்டகையிலேயே அதை மீட்கலாம் என்பதே என் வாதம். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நேரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். முதலில் போய்ச் சேர வேண்டிய வண்டி டிரெய்லர் வண்டி அன்று. அழைப்பு வந்த 80 விநாடிக்குள் தீயணைப்பு வண்டி புறப்பட வேண்டும், மருத்துவ அழைப்பென்றால் 60 விநாடிக்குள் என்று முழுநேர நிலையங்களுக்கு அதே சங்கத்தின் 1710ஆம் எண் தரநிலை வகுத்திருக்கிறது. முதலில் போய் ஆளைக் காப்பாற்றும் வண்டியை மனதில் வைத்து எழுதியது அது. குழிக்குள் சிக்கியவரை மீட்க மண்ணுக்கு முட்டுக் கொடுப்பது மணிக்கணக்கில் நடக்கிற வேலை. ரசாயனக் கசிவும் அப்படித்தான். அந்த வேலைக்கான மரத்தையும் கூடாரத்தையும் ஏற்றி வரும் டிரெய்லர் 3 நிமிடம் பிந்தினால் ஒன்றும் கெட்டுவிடாது. வழியில் கவிழ்ந்தால் எல்லாமே கெடும். அதைத் தூக்கி நிறுத்த இன்னொரு மீட்புக் குழு வர வேண்டும்.

இரண்டாவது கால், வண்டியின் பலம். "பதினைந்து டன் வண்டிக்கு இரண்டு டன் டிரெய்லர் பின்னால் வருவதே தெரியாது" என்று பெருமையாகச் சொல்வார்கள். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. டிரெய்லரின் ஒரு டயர் வெடித்து, வெறும் ரிம்மில் தீப்பொறி பறக்க ஓடினாலும் முன்னால் இருப்பவருக்கு அதிர்வு எட்டாது. சைரன் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது.

சிறிய வண்டியின் கதை நேர்மாறு. பிக்கப் விளம்பரத்தில் அச்சிட்ட இழுவைத் திறனைப் பார்த்து ஏமாறுகிறோம். அமெரிக்க நிறுவனங்கள் பின்பற்றும் எஸ்ஏஇ ஜே2807 முறையில் அந்த எண்ணைக் கணக்கிடும்போது வண்டிக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. தீயணைப்பு உடையும் மூச்சுக் கருவியும் அணிந்த ஒரு வீரரின் எடையே 100 கிலோவைத் தாண்டும். அப்படி நான்கு பேர், பின்தட்டில் கருவிப் பெட்டிகள், மேலே விளக்குச் சட்டம், உள்ளே ரேடியோ, கூடுதல் பேட்டரி என்று ஏற்றிவிட்டு, அதற்கு மேல் டிரெய்லரின் மூக்கு அழுத்தும் எடையையும் வண்டியின் முதுகில் வைக்கிறோம். விளம்பர எண் எப்போதோ பொய்யாகிவிட்டது. ஆம்புலன்ஸின் நிலை இன்னும் மோசம். பின் சக்கரத்துக்கு அப்பால் நீளும் பெட்டியின் கடைசி முனையில் கொக்கி இருப்பதால், டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளும்போது வண்டியைத் திருப்பும் வலு கூடுகிறது. உள்ளே நோயாளி படுத்திருக்கும்போது பின்னால் டிரெய்லரைப் பூட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று, டிரெய்லர் ஏன் ஆடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்மூக்கின் வழியாக இழுக்கும் வண்டியின் மேல் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை. 1,500 கிலோ டிரெய்லர் என்றால் 150 முதல் 225 கிலோ. இந்த எடை குறைந்து பாரம் பின்பக்கம் போய்விட்டால், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குமேல் டிரெய்லர் இடவலமாக ஆட ஆரம்பிக்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். அதைத் திருத்த ஸ்டியரிங்கைத் திருப்பினாலும், பதறிப்போய் வண்டியின் பிரேக்கை மிதித்தாலும் ஆட்டம் கூடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லருக்குத் தனி மின்பிரேக் இருந்தால் அதை மட்டும் மெல்ல இயக்கித்தான் மீள முடியும். அந்த நொடியில் மனித உடம்பு இயல்பாகச் செய்ய விரும்புவதற்கு நேரெதிரான செயல் இது.

பாரம் ஏன் பின்னால் போகிறது? மீட்பு டிரெய்லருக்குப் பின்பக்கம்தான் கதவு. வேலை முடிந்து களைத்துப்போனவர்கள் ஈரக் குழாயையும் கயிற்றையும் கைக்கு எட்டுகிற இடத்தில், கதவோரமாகப் போட்டுவிட்டு மூடுவார்கள். படகு டிரெய்லரில் மோட்டாரின் இடம் படகின் பின்முனைதான். பெட்ரோல் டாங்கியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வாங்கிய நாளில் சரியாக இருந்த சமநிலை ஓர் ஆண்டில் தானாகக் கெடும். எடைமேடையில் மறுபடி ஏற்றிப் பார்க்காதவர்களுக்கு அது தெரியவே வராது.

கொக்கியைக் குனிந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியின் பின்னால் நீட்டியிருக்கும் இரும்புக் குண்டின்மேல் டிரெய்லரின் கப்ளர் கவிழ்ந்து உட்கார வேண்டும். உள்ளே இருக்கும் நாக்கு குண்டின் கழுத்தைக் கீழிருந்து கவ்வ வேண்டும். குண்டு முழுதாக உள்ளே இறங்காமலே மேலே உள்ள கைப்பிடி மடங்கிவிடுவதுண்டு. நின்று பார்ப்பவருக்குப் பூட்டியதாகவே தோன்றும். 2 அங்குலக் கப்ளருக்குள் ஒன்றே முக்கால் அங்குலத்தைச் சற்றே தாண்டிய சிறு குண்டும் நுழைந்து பூட்டிக்கொள்ளும். முதல் பள்ளத்தில் துள்ளி வெளியே வந்துவிடும். சோதனை எளிது. பூட்டிய பிறகு டிரெய்லரின் ஜாக்கியை நாலைந்து சுற்று ஏற்றிப் பாருங்கள். வண்டியின் பின்பக்கம் சேர்ந்து எழும்பினால் பிடித்திருக்கிறது. கப்ளர் மட்டும் எழுந்தால் நீங்கள் ஒரு கொலைக் கருவியை இழுத்துக்கொண்டு கிளம்பவிருந்தீர்கள் என்று பொருள். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும். மூக்கு கழன்று விழுந்தால் தரையைக் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும். டிரெய்லர் பிரிந்தால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் மெல்லிய கம்பியை வண்டியின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும். அந்தப் பிரேக்குக்கு மின்சாரம் தரும் சின்ன பேட்டரி மாதக்கணக்கில் கிடந்தால் செத்துப்போயிருக்கும். அதன் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் புறப்படக் கூடாது. இத்தனையும் பழகிய கைக்கு இரண்டு மூன்று நிமிட வேலை.

கழன்ற டிரெய்லர் என்ன செய்யும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், சரியாகப் பூட்டாமல் ஒரு லேண்ட் ரோவர் இழுத்துச் சென்ற ஏறத்தாழ 2 டன் டிரெய்லர் கழன்று நடைபாதையில் ஏறியது. தாயுடன் நடந்து வந்த 3 வயதுச் சிறுவன் இறந்தான். அது அவசர ஊர்தி அன்று. ஊருக்குள் சாதாரணமாகப் போன வண்டி. சாதாரண வேகத்திலேயே இதுதான் கதி என்றால், சைரன் போட்டு விரைகிற வண்டியிலிருந்து கழன்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சாவுக்குப் பிறகு பிரிட்டனில் டிரெய்லர் பாதுகாப்புக்கான இயக்கமே எழுந்தது. அப்படியிருந்தும் 1997 முதல் கார் உரிமம் பெற்றவர்கள் பெரிய டிரெய்லர் இழுக்கத் தேற வேண்டியிருந்த தனி ஓட்டுத் தேர்வை 2021 டிசம்பரில் அந்நாட்டு அரசு நீக்கிவிட்டது. சட்டம் கை கழுவிய இடத்தில் பொறுப்பு நிலைய அதிகாரியின் தோளுக்கு வந்து சேர்கிறது.

இது நம்மை மூன்றாவது காலுக்குக் கொண்டுவருகிறது. ஓட்டுநரின் திறமை. அமெரிக்காவில் கனரக வண்டிக்கான வணிக உரிமத்திலிருந்து தீயணைப்பு வீரர்களுக்கு விலக்களிக்க மாநிலங்களுக்குக் கூட்டரசு விதி அதிகாரம் தந்திருக்கிறது. ஒரு லாரி ஓட்டுநர் தனித் தேர்வெழுதி உரிமம் பெற்ற பிறகே தொடக்கூடிய வண்டியையும் டிரெய்லரையும், விலக்குத் தந்த மாநிலத்தில் ஒரு தன்னார்வலர் சாதாரண உரிமத்தோடு இழுக்கலாம். இதைத் திறமைக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்வது பெரும்பிழை. விலக்கு என்பது, "உங்கள் ஆளை நீங்களே பயிற்றுவித்துக்கொள்ளுங்கள்" என்று துறையிடம் ஒப்படைத்த கடமை. தீயணைப்பு வண்டியைப் பத்தாண்டுகள் ஓட்டியவருக்கும் டிரெய்லர் புதிய பாடம்தான். திருப்பத்தில் டிரெய்லரின் சக்கரம் முன்வண்டியின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டும். பின்னோக்கி எடுக்கும்போது எதிர்ப்பக்கம் திரும்பும். சந்திப்பைக் கடக்கும்போது வண்டியின் நீளம் இரட்டித்திருப்பதால் ஏறத்தாழ இரட்டை நேரம் குறுக்கே நிற்கும். சைரனுக்கு வழிவிட்டு ஒதுங்கிய கார்காரர் வண்டி போய்விட்டது என்று நினைத்து உடனே சாலைக்குத் திரும்புவார். அப்போது டிரெய்லர் அவர் முன்னால் வரும். போதாக்குறைக்கு முன்வண்டியின் பின்புற எச்சரிக்கை விளக்குகளை டிரெய்லரே மறைத்துவிடும். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் பணியில் இறக்கும் காரணங்களில் மாரடைப்புக்கு அடுத்தபடியாகத் தொடர்ந்து வருவது வாகன விபத்து. தீயை அணைக்கப் போனவர் தீயைப் பார்க்காமலே சாகிறார். இந்தப் பட்டியலில் ஒரு பெயரைக்கூடச் சேர்க்கும் உரிமை நம் அவசரத்துக்குக் கிடையாது.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். வெள்ளத்தில் ஒருவர் மரக்கிளையைப் பிடித்துத் தொங்குகிறார்; படகு டிரெய்லரில்தான் இருக்கிறது; இங்கே 3 நிமிடம்கூட உயிர்தானே? ஆம், உயிர்தான். அப்படியானால் முதல் படகை இழுத்துப் போகவே கூடாது, தூக்கிப் போக வேண்டும். நம் நாட்டுத் தேசியப் பேரிடர் மீட்புப் படை காற்றடைத்த ரப்பர் படகையும் மோட்டாரையும் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறது. 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போய் ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். லாரியில் ஏறிய படகு ஆடாது, கழலாது, அதற்குத் தனி டயரும் பேரிங்கும் கிடையாது. நிமிடம் முக்கியமென்றால் தூக்கு. பாரம் முக்கியமென்றால் இழு, ஆனால் நிதானமாக இழு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நிமிடத்துக்காகப் பாரத்தை இழுப்பதுதான் இன்றைய கோளாறு.

வரலாற்றைக் காட்டி வாதாடுகிறவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லண்டனில் டாக்சிகளே தீயணைப்பு டிரெய்லர் பம்புகளை இழுத்தன, அன்று யார் சரிபார்ப்புப் பட்டியல் வைத்திருந்தார்கள் என்பார்கள். இழுத்தது உண்மை. ஆனால் அந்த டாக்சிகள் ஓடியது குண்டுவீச்சில் இருண்ட நகரத் தெருக்களில், இன்றைய நெடுஞ்சாலை வேகத்தின் பக்கத்தில்கூட வராத வேகத்தில். நம் ஊர் டிராக்டர் டிரெய்லரும் அப்படித்தான், மெல்லப் போவதால் எத்தனையோ குறைகளை மன்னித்துக்கொண்டு ஓடுகிறது. வேகம் கூடினால் அந்த மன்னிப்பு இல்லை.

சரி, அந்த 3 நிமிடத்தைக் கொட்டகையில் எப்படி மீட்பது? டிரெய்லரின் பகை ஓட்டமல்ல, சும்மா நிற்பது. ஆண்டில் பதினொரு மாதம் நின்ற டயர் தேயாது. ஆனால் பக்கச்சுவரில் வெடிக்கும். பட்டனைப் பார்த்து "புதுசு மாதிரி இருக்கிறது" என்று சொல்கிறவர், பக்கத்தில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தைப் பார்ப்பதில்லை. 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். தீயணைப்பு வண்டியின் டயரை 7 ஆண்டுக்கு ஒருமுறை, தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் மாற்ற வேண்டும் என்று அதே தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 1911ஆம் எண் தரநிலை சொல்லியிருந்தது. பின்னால் வரும் டயருக்கும் அதே கணக்கைப் போட வேண்டும். படகு டிரெய்லரின் பேரிங் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத எதிரி. ஓடிச் சூடான சக்கரக் குடத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் பால் நிறமாகும். அடுத்த வெள்ளத்தில், பாதி வழியில், அந்த பேரிங் இறுகிச் சக்கரத்தையே கழற்றிவிடும். போன வெள்ளத்துக்கு அடுத்த வாரமே குடத்தைத் திறந்து பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. எந்த வண்டி எந்த டிரெய்லரை இழுக்கலாம் என்பதை ஆட்களும் கருவிகளும் ஏறிய நிலையில் எடைமேடையில் நிறுத்திப் பார்த்து, எழுதி, இரண்டிலும் ஒட்டுங்கள். அவசரத்துக்குத் தேவைப்படும் டிரெய்லரைப் பூட்டியபடியே நிறுத்திவையுங்கள். ஒவ்வொரு பணி மாற்றத்திலும் கொக்கியையும் விளக்கையும் காற்றையும் பாருங்கள். அழைப்பு வரும்போது செய்ய வேண்டியதாக ஒரு சுற்று நடந்து பார்ப்பது மட்டுமே மிஞ்சட்டும். மாதம் ஒருமுறையாவது முழுப் பாரத்தோடு இழுத்து ஓட்டுங்கள். திரும்பியதும் வீல் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். டிரெய்லர் பூட்டிய வண்டி விளக்கும் சைரனும் போட்டாலும் டயரின் வரம்பையும் சாலையின் வரம்பையும் தாண்டக் கூடாது என்று எழுத்தில் ஆணையிடுங்கள். பின்னோக்கி எடுக்கும்போது ஓர் ஆள் இறங்கி நின்று வழிகாட்டாமல் சக்கரம் உருளக் கூடாது. கடைசியாக, "இது பாதுகாப்பாக இல்லை, நான் இழுக்க மாட்டேன்" என்று சொல்லும் உரிமையைப் பணியில் மிக இளையவருக்கும் கொடுங்கள். அப்படிச் சொன்னவரைக் கோழை என்று ஒருவரும் பேச அனுமதிக்காதீர்கள்.

அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பது நம் வீடுகளில் புழங்கும் பழமொழி. மீட்புப் பணியில் அதைவிடக் கண்டிப்பான உண்மை வேறில்லை. டிரெய்லரைப் பூட்டிய நொடியிலிருந்து அந்த வண்டி அவசர ஊர்தி அன்று, அவசரத்துக்கான பொருளை ஏற்றிச் செல்லும் சுமை வண்டி. நிலைய அதிகாரிகளுக்கும், டிரெய்லருக்குப் பணம் ஒதுக்கும் ஊர் நிர்வாகத்துக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான்: டிரெய்லர் வாங்கும் அன்றே அதை இழுக்கும் பயிற்சிக்கும், டயருக்கும், பராமரிப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். அதற்கு வழியில்லை என்றால் டிரெய்லரை வாங்காதீர்கள்.